உள் தடம்

“அப்பா, முன்னாடி இருக்கிறத நீங்க ஓட்டுறீங்க. பின்னாடி இருக்கிறத யாரு ஓட்டுறா?”

மகளுக்கு அப்போது ஆறு வயது. லாரி நிறுத்துமிடத்துக்கு ஒரு விடுமுறை நாளில் கூட்டிப் போயிருந்தார். ட்ரெய்லரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடி வைத்து அளந்து, முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு கேட்டாள்.

“யாரும் இல்லம்மா. நான் போற பக்கம் அது வரும்.”

“அதுக்கு வர இஷ்டம் இல்லேன்னா?”

அவர் சிரித்துவிட்டார். அந்த வருடத்தின் குளிர்காலத்துக்குப் பிறகு அவர் அதிகம் சிரித்ததில்லை.

பதினோரு வருடம் கழித்து, காலை பத்து மணிக்கும் விலகாத பனிமூட்டத்தில், சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது பின்னாலிருந்த மணல் லாரிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

“ஓரக்காரரே, உள்பக்கம் இண்டிகேட்டர் போட்டுக்கிட்டே வர்றீங்களே. என்ன விசேஷம்?”

ஓரக்காரர் என்பது மற்ற டிரைவர்கள் வைத்த பெயர். மூன்று தடச் சாலையில் அவர் ஓரத் தடத்தை விட்டு நகரவே மாட்டார். நடுத் தடத்தில் ட்ரெய்லர் போகலாம். நடுச்சுவரை ஒட்டிய உள் தடத்தில் மட்டும் கனரக வண்டிகளும் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிகளும் போகக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். அவர் நடுத் தடத்தைக்கூடத் தொடுவதில்லை.

“நான் போடலையே.”

“அப்ப ட்ரெய்லருக்குத் தனியா லைசென்ஸ் வாங்கிக் குடுத்துட்டீங்க போல. போய் வயரைப் பாருங்க.”

சாவடியைத் தாண்டி ஒதுக்கினார். வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே தொங்கும் கேபிளின் பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பனிக்குள் அந்த மஞ்சள் விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி எரிந்தது. மூன்றாவது முறையும் எரிந்துவிட்டு நின்றது.

மின்சாரம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பயப்பட வேண்டிய விஷயம் என்பது தெரிந்தது. பயம் வரவில்லை. பதினோரு வருடமாக அவருக்கு அப்படித்தான். சாப்பாட்டில் ருசி தெரியாது. ஸ்டீயரிங்கின் சில்லிப்பு உள்ளங்கைக்கு ஏறாது. தினமும் வண்டி எடுக்கும் முன் கண்ணை மூடிக் கும்பிடுவார். கேட்பதற்கு எதுவும் இல்லாமல் கும்பிடுவார்.

இதே மாதிரி ஒரு காலை. இதே சாலை. அவசரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முன்னால் போன வண்டி மெதுவாகப் போனது, அவ்வளவுதான். நடுத் தடத்துக்கு வந்து, அங்கேயும் ஒரு வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, உள் தடத்துக்கு இண்டிகேட்டர் போட்டார். அந்தத் தடத்தில் பின்னால் வந்த சின்ன காருக்கு, அவரைத் திட்டும் நியாயம் இருந்தது. அது வேகத்தைக் குறைத்து, முன்விளக்கை இரண்டு முறை தாழ்த்திக் காட்டியது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, போங்க, நீங்க முன்னாடி போங்க என்றது. முகம் தெரியாத ஒருவருக்கு மனிதர் தரக்கூடிய மிகச் சிறிய நன்மை. கடவுள் அதைக்கூடக் கணக்கில் வைக்காமல் விடுவதில்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரைத் தூங்கவிடவில்லை.

அவர் புகுந்தார். ட்ரெய்லரின் வால் அவர் நினைத்ததைவிட அகலமாக வீசியது. கதவை மெல்லச் சாத்தினாற்போல ஒரு சத்தம் கேட்டது.

அவர் நிறுத்தவில்லை.

இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய நர்ஸ் என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது. நாற்பது நிமிடம் உயிர் இருந்ததாம். பனியில் யாரும் பார்க்கவில்லையாம். ஒரு விளக்கு வைக்கக்கூட ஆள் இல்லையாம்.

இப்போது சாலையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. டயர்கள் ஈரத்தைக் கிழிக்கும் ஓசையும் நனைந்த தார்ப்பாயின் புளித்த வாடையும் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லாததுபோல வண்டி ஊர்ந்தது. ஸ்டீயரிங் லேசாக உள்பக்கம் இழுத்தது. நேராக்கினார். மறுபடி இழுத்தது. பின்னாலிருந்து இழுத்தது.

கண்ணாடியில் பார்த்தார். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. அதற்கும் பின்னால், உள் தடத்தில், இரண்டு முன்விளக்குகள்.

தாழ்ந்தன. எழுந்தன. தாழ்ந்தன.

கிலோமீட்டர் கல்லைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

சாலையோரம் ஒதுக்கி இன்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். பனியில் வண்டியை விட்டு இறங்குவது ஆபத்து என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர்தான். இறங்காமல் போன ஒரு காலைக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே.

ட்ரெய்லரைத் தொட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்தார். மகளுக்கு முப்பத்தெட்டு அடி. அவருக்குப் பத்தொன்பது.

பத்தொன்பதில் முடியவில்லை.

முப்பது. சக்கரங்கள். நாற்பது. இன்னும் சக்கரங்கள். காலடியில் ஓரக் கோடு போயிற்று. ஒரு தடத்தின் கோடு. இன்னொன்று. ட்ரெய்லர் சாலைக்குக் குறுக்கே வளைந்து கிடந்தது.

அறுபதில் முடிந்தது.

உள் தடத்தில் கார் இருந்தது. நடுச்சுவருக்கும் வாலுக்கும் நடுவில். நசுங்கி, பாதி அகலத்தில். கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை. மணிக்கட்டில் கடிகாரம். ஓடிக்கொண்டிருந்தது.

கை அசைந்தது. போங்க. நீங்க முன்னாடி போங்க.

முன்னால் எங்கோ ஏர் பிரேக் பெருமூச்சு விட்டது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அவருடைய கையருகே ட்ரெய்லர் நகர ஆரம்பித்தது. ஓரத்துப் பக்கம் இண்டிகேட்டர் போட்டது. ஒழுங்காக, சட்டப்படி, ஓரத் தடத்துக்குப் போய்ப் பனியில் கரைந்தது.

சத்தம் அடங்கியது.

அவர் முப்பது அடி பின்னால் போய்ச் சிவப்பு விளக்கைச் சாலையில் வைத்தார். எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். திரும்பி வந்து கார்க் கதவருகே ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

போங்க, என்றது கை.

“இல்லம்மா. இருக்கேன்.”

அதைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக உள்ளங்கையில் குளிர் தெரிந்தது. விரல்கள் மெல்ல மடங்கி அவருடைய விரல்களைப் பற்றின. அந்தப் பக்கம் ஒரு வண்டியும் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று.

கை விடவில்லை.