பதினோரு வரலாறுகள்

மே மாதம் பிறந்துவிட்டால் அந்தக் குடியிருப்பின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஆசிரியர்களின் குரல் கேட்கும். மூன்றாம் மாடியில் ஒருவர் தொகைநுண்கணிதம் நடத்துவார். அவருக்கு நேர் கீழே ஒரு பெண்குரல் தவளையின் இதயத்தை விளக்கிக்கொண்டிருக்கும். நேரில் யாரும் இல்லை, எல்லாம் காணொளி. உயர்நிலைப் பள்ளிகளை மூடிப் பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒன்பதாம் வகுப்புக்குமேல் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். எந்தப் பாடத்துக்கு எந்தத் தொகுப்பு என்று முன்னோட்டங்களைப் போட்டுப் பார்த்து, மாதம் முடிவதற்குள் பதிந்துவிட வேண்டியது பெற்றோர் வேலை.

வெண்ணிலா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே முன்னோட்டம் பார்த்தாள். பகலெல்லாம் மீன் குளிர்கிடங்கில் மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமைதான் இதற்கு நேரம். பக்கத்தில் மகள் யாமினி, காலை மடித்து உட்கார்ந்து ஒவ்வோர் ஆசிரியரையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இவர் வேணாம்மா. மூச்சே விடாம பேசறாரு."

"போன வாரம் பார்த்தவர்?"

"அவர் தூங்க வச்சிருவாரு."

வேதியியலுக்கு மட்டும் யாமினி யோசிக்கவே இல்லை. சர்க்கரையை எரித்துக் கரியாக்கி, "இப்ப சொல்லுங்க, தண்ணி எங்கே போச்சு?" என்று கேட்ட ஒரு அம்மாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேதிப்பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கணிதம், இயற்பியல், தமிழ் எல்லாம் அன்று மாலைக்குள் முடிந்தன. மிச்சம் வரலாறுதான்.

இயற்பியலில் எந்தத் தொகுப்பை எடுத்தாலும் கல் கீழேதான் விழும். வரலாறு அப்படியில்லை. சந்தையில் பதினோரு தொகுப்புகள் இருந்தன. ஒன்றில் வென்ற போர் இன்னொன்றில் தோற்றிருக்கும், வேறொன்றில் நடந்தே இருக்காது. பிள்ளைக்கு எந்தக் கடந்தகாலம் வேண்டும் என்று முடிவெடுப்பது பெற்றோரின் உரிமை என்று அரசு சொல்லிவிட்டது. அந்த உரிமையைக் கேட்டுப் போராடியவர்களும் பெற்றோர்தான்.

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து வெண்ணிலா ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரே பாடத்தைத் தேடிப் போனாள். கடலோரத் தொழில்கள். நெய்தல்மேட்டில் இருந்த மருந்து ஆலையை ஒரு தொகுப்பு புயல் சேதத்தால் மூடியதாகச் சொன்னது. இன்னொன்று நெய்தல்மேடு என்ற ஊரையே சொல்லவில்லை. கடைசியாக இருந்தது 'அலைவாய்'. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எடுத்தது, வெளிச்சம்கூடச் சரியில்லை. அதில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்து, "விடிகாலையில ஆலைத் தொட்டி உடைஞ்சு விஷவாயு வெளியே வந்துச்சு. ஊர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே பாதிப் பேர் போயிட்டாங்க" என்றார். திரையில் இறந்தவர்களின் பெயர்கள் ஓடின. தினகரன் என்று வந்தபோது வெண்ணிலா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கணவன். அப்போது யாமினிக்கு மூன்று வயது.

மறுநாள் பாடத்துணை மையத்திலிருந்து ஒருவர் அழைத்தார். பெயர் கிறிஸ்டோபர், பணிவான குரல்.

"மேடம், பாப்பா கேக்கற காலேஜ்ல வரலாற்றுக்கு 'முகடு' தொகுப்பைத்தான் ஏத்துப்பாங்க. 'அலைவாய்' எடுத்தா மத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பமே போட முடியாது."

"முகடுல அந்த ஆலை புயல்ல போச்சுன்னு இருக்கே."

"இருக்கும் மேடம். இன்னொண்ணும் சொல்லிடறேன். முகடுல பரீட்சை கிடையாது. முகமானி மட்டும்தான். பாடம் பார்க்கும்போது பிள்ளை முகத்தை அது படிக்கும். கேக்கறதை மனசு ஒத்துக்குதா இல்லையான்னு ஏற்பு மதிப்பு போடும். வீட்டுல வேற பதில் இருந்தா முகம் காட்டிக்கொடுத்துடும். பார்த்துக்குங்க."

அன்று மாலையே தினகரனின் அக்கா பூங்கொடி வந்துவிட்டாள். தம்பி போன பிறகு வெண்ணிலாவையும் குழந்தையையும் இரண்டு வருடம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். ஆலைக்கு எதிரான வழக்கு தள்ளுபடியான பிறகும் கோர்ட்டுக்கு அலைந்தவள்.

"அவன் செத்ததையே இல்லேங்குற பாடத்தை அவன் பொண்ணுக்கே போட்டுக் காட்டப் போறியா நிலா?"

"அண்ணி, அவ படிக்கணும்."

"படிக்கட்டும். வேற படிப்பே இல்லையா நாட்டுல?"

"கிடங்குல என்னை மாதிரி ஐஸ் பெட்டி எண்ணச் சொல்றீங்களா?"

பூங்கொடி காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள். வெண்ணிலா முகடு தொகுப்பைப் பதிந்தாள். ஒரு பாடம்தானே, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம் என்று நினைத்தாள்.

தாண்ட முடியவில்லை. மற்றதையெல்லாம் எளிதாகக் கடந்த யாமினி அந்தப் பாடத்தில் நின்றுவிட்டாள். திரையில் அழகான இளைஞர் புயலைப் பற்றிப் பேசும்போது அவள் தாடை இறுகும். முகமானி சிவப்பு காட்டும். பாடம் முதலிலிருந்து தொடங்கும். சிரித்துப் பார்த்தாள். தலையாட்டிப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே நின்றதில் மற்றப் பாடங்களும் பூட்டிக்கொண்டன. ஒருநாள் வெண்ணிலா வேலையிலிருந்து வந்தபோது மகள் திரைக்கு முன்னால் கவிழ்ந்து படுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னால முடியலம்மா. அந்த ஆள் பேச ஆரம்பிச்சாலே அப்பா ஞாபகம் வருது. நான் என்ன பண்ண?"

வெண்ணிலா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவள் அருகில் உட்கார்ந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்பது வாயைத் திறந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"யாமி, அப்பா விஷயத்துல நான் சொன்னது உண்மையில்ல."

மகள் நிமிர்ந்தாள்.

"அவருக்கு நெஞ்சு வலி. அவ்வளவுதான். நஷ்டஈடு கிடைக்கும்னு ஊர்ல எல்லாரும் ஆலை மேல போட்டாங்க. நாங்களும் போட்டோம். அப்புறம் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு."

யாமினி அவளை வெகுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று வெண்ணிலா காத்திருந்தாள். கோபம் வரவில்லை. சிறுமியாக இருந்த காலத்திலிருந்து சுமந்த ஏதோ ஒன்று தோளைவிட்டு இறங்குவது போல, மகளின் உடம்பு மெல்லத் தளர்ந்தது.

"அப்போ அப்பாவை யாரும் கொல்லலையா?"

"இல்லடா."

அடுத்த நாள் முகமானி பச்சை காட்டியது.

தினகரனின் நினைவு நாளில் வழக்கம்போல் மூவரும் கடற்கரைக்குப் போவதற்காகப் பூங்கொடி பூ வாங்கிக்கொண்டு வந்தாள். யாமினி செருப்பைப் போடவில்லை.

"நான் வரல அத்தை. அப்பாவுக்கு வேணா வீட்டுலயே விளக்கேத்தறேன். பணத்துக்காகச் சொன்ன கதைக்கு இன்னும் எத்தனை வருஷம் பூ போடப் போறீங்க?"

பூங்கொடி யாமினியைப் பார்க்கவில்லை. வெண்ணிலாவைத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தாள். வெண்ணிலா அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தாள். அதற்குப் பின் பூங்கொடி அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

யாமினிக்கு விரும்பிய கல்லூரியே கிடைத்தது. நன்றாகப் படித்தாள். நான்காம் ஆண்டு முடிவதற்குள் வேலையும் வந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள்.

"ஆந்திரக் கரையில புது ஆலைம்மா. தங்க வீடு அங்கேயே, வளாகத்துக்குள்ள. தொட்டிப் பிரிவுல போட்டிருக்காங்க."

எதைத் தொட்டியில் வைப்பார்கள் என்று வெண்ணிலா கேட்டாள். மகள் சொன்ன பெயர் கோர்ட்டில் வக்கீல்கள் திரும்பத் திரும்பச் சொன்ன அதே பெயர். கையிலிருந்த இனிப்பு வாய்வரை போகவில்லை.

"போகாத யாமி."

"ஏம்மா?"

அப்போது வெண்ணிலா எல்லாவற்றையும் சொன்னாள். விடிகாலையில் கண் எரிந்து விழித்ததையும், தினகரன் ஈரத் துண்டைக் குழந்தையின் மூக்கில் கட்டி அவள் கையில் கொடுத்ததையும், தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் வந்ததையும், வரும் வழியில் இருவரும் விழுந்ததையும் சொன்னாள். தான் சொன்னது பொய் என்றும், எதற்காகச் சொன்னாள் என்றும் சொன்னாள். சொல்ல வேண்டிய நேரத்தில் வராத கண்ணீரெல்லாம் இப்போது வந்தது.

முடிந்ததும் யாமினி தாயின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இதுக்கு ஒரு பேர் இருக்கு. துக்கத்துல இருக்கறவங்க மனசு தானா ஒரு காட்சியை உண்டாக்கிக்கும். நேர்ல பார்த்தவங்க சொல்றதுதான் எல்லாத்தையும்விட பலவீனமான சாட்சி. நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. உனக்கு அது உண்மை மாதிரியே இருக்கும்."

குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. அந்தக் கனிவை வெண்ணிலா எங்கோ கேட்டிருந்தாள். முகடு தொகுப்பின் இளைஞர் இப்படித்தான் பேசுவார்.

"அத்தைகிட்ட கேளு. உனக்கு இப்பவே போன் போட்டுத் தரேன்."

"அத்தை என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீயே தானேம்மா அது கதைன்னு சொன்னே."

வெண்ணிலா ஆனாலும் பூங்கொடியை அழைத்தாள். பல வருடம் கழித்து அந்தக் குரல் கேட்டது.

"நான் சொன்னா நம்புவாளா நிலா? என்னைப் பொய்க்காரியாக்கினது அந்த ஆலைக்காரன் இல்ல, நீ." போனை மட்டும் வைக்கவில்லை. "குடு. சொல்லிப் பார்க்கறேன்."

யாமினி மரியாதையாகக் கேட்டாள். "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்றாள். போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு, முகம் சுளிக்காமல், துணி அடுக்கப் போனாள்.

ரயில் ஏறும் நாளில் வெண்ணிலா எதையும் நிரூபிக்க முயலவில்லை. இன்னும் பேசினால் மகள் அங்கிருந்து கூப்பிடுவதையும் நிறுத்திவிடுவாள் என்ற பயம். ஜன்னலோரம் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் சொன்னதை நம்ப வேணாம். ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்க. அங்க எப்பவாவது கண் எரிஞ்சா, மூக்குல ஈரத்துணி கட்டிக்கிட்டு, காத்து வர்ற பக்கமா ஓடு. காத்து போற பக்கம் ஓடாத. அன்னைக்கு உங்கப்பாவும் நானும் காத்து போற பக்கம்தான் ஓடினோம்."

"சரிம்மா" என்றாள் யாமினி, நோயாளியிடம் பேசுவதுபோல. "நீ மாத்திரை மறக்காம சாப்பிடு."

வண்டி நகர்ந்தது. மகள் கையசைத்தாள். அவள் முகத்தில் சந்தேகத்தின் சுவடே இல்லை.