வியாழக்கிழமை மட்டும் காய்ந்த படுக்கை

“எனக்கு வைத்தியம் வேண்டாம் டாக்டர். ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுங்க, போதும்.”

கதவைத் திறந்த கையோடு ஹெர்மினியா சொன்ன முதல் வார்த்தை இது. எழுபது வயது. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். எழுதி முத்திரை குத்தாத எதையும் உண்மை என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

“என்னன்னு எழுதணும்?” என்று கேட்டபடி டாக்டர் இல்டா சொலாரி ஈரக் கோட்டைக் கழற்றினார்.

“பெர்லாங்கற கறுப்புப் பூனை திருந்தாத ஜென்மம், இன்னொரு பூனை இருக்கிற வீட்டுக்கு லாயக்கில்லைன்னு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு பூனை போகணும், இல்ல ரெண்டு பேரும் போகணும்னு வாடகைக்கு இருக்கிற அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். தாள் இருந்தா எனக்கும் மனசு உறுத்தாது பாருங்க.”

டாக்டருக்குப் பின்னால் பையோடு நின்ற வால்டெமார் உடனே குறிப்பேட்டை எடுத்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், உருகுவே நாட்டின் மொந்தேவிதேயோ நகர் முழுக்க வீடு வீடாகப் போய் மிருகங்களைப் பார்க்கும் டாக்டரின் காரை ஓட்ட வந்தார். ஓட்டியதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு இருப்பதாகவும், அதைத் துலக்கப் பிறந்தவர் தாமே என்றும் நம்பினார்.

“சம்பவம் எப்ப ஆரம்பிச்சது?” என்றார் போலீஸ் தோரணையில்.

“ஜூன் ரெண்டு. குளிர்காலம் தொடங்கின அன்னைக்கு. என் படுக்கை நடுவுல மூத்திரம். அன்னையிலேருந்து மெத்தை மேல பிளாஸ்டிக் விரிச்சுப் படுக்கறேன், பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி.”

“ரெண்டு பூனைக்கும் போன வாரமே சிறுநீர் சோதிச்சாச்சு. நோய் எதுவும் இல்லை” என்றார் டாக்டர். “உடம்புல கோளாறு இல்லைன்னா வீட்டுல இருக்கணும். பார்க்கலாமா?”

வீடு மூன்றாவது மாடியில். வாசலை ஒட்டி சமையலறை. அங்கிருந்து நீளும் இடைகழியில் முதலில் குடித்தனக்காரி யாமிலாவின் அறை; அடுத்தது ஹெர்மினியாவின் அறை; கடைசியில் குளியலறை. இரண்டு பூனைகளின் மணல் தட்டுகளும் குளியலறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மணல் சுத்தமாகக் கிளறப்பட்டிருந்தது.

குளியலறை வாசலுக்கு அருகே சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒற்றை நாற்காலி. வாசற்படியை அடைத்துக்கொண்டு செம்பட்டை நிறத்தில் எட்டு கிலோ பூனை ஒன்று திண்டுபோலக் கிடந்தது. ஹெர்மினியா வளர்க்கும் பூனை, பெயர் தூக்கே. வால்டெமார் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அது ஒரு மீசைகூட அசைக்கவில்லை.

“முன்படியில உட்கார்ந்து யாரையும் ஏறவிடாத பயணி மாதிரி இருக்கானே.”

“அவன் பெரிய மனுஷன்” என்றார் ஹெர்மினியா விறைப்பாக. “இதுவரை யார் மேலயும் ஒரு நகம் பட்டதில்லை. அந்தக் கறுப்பி கிட்ட வந்தாலும் அடிக்க மாட்டான். சும்மா பார்ப்பான், அவ்வளவுதான்.”

டாக்டர் குனிந்து தரையைப் பார்த்தார். மெழுகு பூசிய மரத்தரையில் இரண்டு மெல்லிய கீறல்கள் இணையாக ஓடின. அவற்றின் மேலேயே நடந்து சமையலறை வரை போனார். அங்கே மேசையோரத்தில் கீறல்கள் முடிந்தன. குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் மடித்த துண்டின் மேல் ஒரு சின்னக் கறுப்புப் பூனை உட்கார்ந்திருந்தது. அதன் கண் இடைகழியை விட்டு விலகவில்லை.

சுவரில் நாட்காட்டி. ஜூன் இரண்டிலிருந்து ஒவ்வொரு நாளிலும், படுக்கை நனைந்ததற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. ஐந்தாம் தேதியும் பத்தொன்பதாம் தேதியும் மட்டும் வெறுமையாக இருந்தன.

வால்டெமார் அந்த இரண்டு கட்டங்களிலும் விரலை வைத்தார். “ரெண்டும் வியாழக்கிழமை. யாமிலாவுக்கு வாராந்திர லீவு என்னைக்கு?”

“வியாழன்.”

“முடிஞ்சது கேஸ்.” அவர் குறிப்பேட்டை மூடினார். “அந்தம்மா வீட்டுல இருந்தா கறுப்பி ஒழுங்கா இருக்கு. வேலைக்குப் போனா, விட்டுட்டுப் போன கோபத்தை உங்க படுக்கையில தீர்த்துக்குது. பழிவாங்கல்.”

“பன்னிரண்டாம் தேதியும் வியாழன்தான் வால்டெமார்” என்றார் டாக்டர். “குறி இருக்கு.”

“அன்னைக்கு லீவு இல்லையோ என்னவோ.”

“லீவுதான்” என்றார் ஹெர்மினியா. “நாள் பூரா ரூமுக்குள்ளதான் இருந்தா. பேய் மழை. நானே கல்லறைத் தோட்டத்துக்குப் போகலை. வியாழன் தவறாம எங்க வீட்டுக்காரரைப் பார்க்கப் போவேன்.”

“போகும்போது ஹீட்டரை அணைச்சிட்டுத்தான் போவீங்க?”

“பின்ன, வீடு பத்தி எரியணுமா?”

“தூக்கே அப்ப எங்க இருப்பான்?”

“என் தலையணையில. அவனுக்குக் குளிர் ஆகாது.”

வாசலில் சாவி திரும்பியது. முதியோர் இல்லத்துச் சமையல் வேலையிலிருந்து யாமிலா திரும்பியிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கியூபாவிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது; இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டு அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலின் மேல் பாதி நிரம்பிய பெட்டி வாய் திறந்து கிடந்தது.

“நான் பெர்லாவை விட்டுட்டுப் போக மாட்டேன், டாக்டர்” என்றாள், யாரும் கேட்காமலேயே. “பஸ் நிலையத்துல கிடைச்சா. இந்த ஊர்ல என் பேச்சைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கறது அவ மட்டும்தான்.”

ஹெர்மினியா வெந்நீர்ப் பிளாஸ்கைக் கொண்டுவந்து மாத்தே இலைத் தேநீரை ஊற்றத் தொடங்கினார். இந்த ஊரில் பேச்சு சிக்கினால் கை தானாக அங்கேதான் போகும். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். ஒருவர் ஊற்ற, குடுவை எல்லோரிடமும் சுற்றி வரும். டாக்டர் குடித்தார். வால்டெமார் குடித்தார். ஹெர்மினியா தனக்கு ஊற்றிக்கொண்டார். கதவருகே நின்ற யாமிலாவைத் தாண்டிக் குடுவை மறுபடியும் டாக்டரிடம் வந்தது.

“யாமிலாவுக்கு?”

“அவங்களுக்கு வேண்டாம்.”

“கேட்டீங்களா?”

“கேட்கறது என்ன, மார்ச் மாசமே சொல்லியாச்சு. வந்த ரெண்டாம் நாள். இதே சமையலறையில கூப்பிட்டு உட்கார வெச்சு முதல் குடுவையை நீட்டினேன். குடிச்சா. ‘நன்றி’ன்னு திருப்பிக் கொடுத்தா.” ஹெர்மினியாவின் குரல் தட்டச்சு எழுத்துபோல ஒவ்வொன்றாக விழுந்தது. “முகத்துக்கு நேரா.”

யாமிலா விழித்தாள். “நன்றி சொன்னது தப்பா?”

வால்டெமார் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அதில் எழுதுகிற விஷயமாக இது அவருக்குத் தோன்றவில்லை.

“எல்லாரும் உட்காருங்க” என்றார் டாக்டர். குளிர்ந்து கிடந்த சமையலறையில் இரண்டு பெண்களும் மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். “படுக்கையை நனைச்சது பெர்லாதான்.”

“நான் சொல்லலை?” என்றார் ஹெர்மினியா.

“கோபத்துல இல்லை. வேற வழி இல்லாம. தூக்கே அடிக்கிறது இல்லைன்னு சொன்னீங்க. பூனைங்க சண்டைக்கு அடிதடி வேண்டாம். வாசல்ல படுத்துட்டு முறைச்சாலே போதும், சின்னது அந்தப் பக்கம் வராது. ரெண்டு தட்டும் அந்த ஒரே வாசலுக்குள்ள. அவளுக்கு அடக்க முடியாமப் போறப்ப, திறந்து கிடக்கிற பக்கத்து அறையில மெத்துனு ஒரு இடம். அங்கேயிருந்து பார்த்தா அவன் எழுந்து வர்றதும் தெரியும். தட்டு இருக்க வேண்டிய இடத்துல உங்க படுக்கை இருக்கு.”

“அப்ப வியாழக்கிழமை?” என்றார் வால்டெமார்.

“ஹீட்டர் அணைஞ்சா தூக்கே தலையணைக்குப் போயிடறான். வாசலும் காலி, படுக்கையிலயும் ஆள். பெர்லா ஒழுங்கா தட்டுக்குப் போறா. பன்னிரண்டாம் தேதி யாமிலா வீட்டுலதான் இருந்தாங்க. ஆனா ஹெர்மினியாம்மாவும் இருந்தாங்க, ஹீட்டரும் எரிஞ்சுது. அதனால இது எஜமானி இல்லாத குறை இல்லை, வால்டெமார்.”

“மார்ச்சிலேருந்து மே வரைக்கும் இதே ரெண்டு பூனைதானே?” அவர் விடவில்லை. “அப்ப ஏன் சும்மா இருந்தாங்க?”

“அப்ப வாசல்ல படுக்க அவனுக்குக் காரணம் இல்லை. அந்தக் கீறல் சக்கரத்தோடது. போன குளிர்காலம் வரைக்கும் ஹீட்டர் இந்த மேசையோரமா நின்னிருக்கு. இந்த வருஷம் அதை உருட்டிட்டுப் போய் இடைகழிக் கோடியில வெச்சிருக்காங்க. ஏன் ஹெர்மினியாம்மா?”

ஹெர்மினியா மேசை விளிம்பைத் துடைத்தார். அதில் தூசி இல்லை. “சமையலறை அவ சாப்பிடற இடம். என்கூட உட்கார இஷ்டமில்லாதவ எதிர்ல நான் ஏன் உட்காரணும்? எனக்கு என் மூலை போதும்.”

“யாமிலா, இங்க குடுவையைத் திருப்பிக் கொடுக்கறப்ப நன்றி சொன்னா, ‘போதும், இனி வேண்டாம்’னு அர்த்தம்” என்றார் டாக்டர். “இன்னும் வேணும்னா வாயைத் திறக்காம நீட்டணும்.”

யாமிலா குடுவையைப் பார்த்தாள். “எங்க ஊர்ல நன்றி சொல்லாட்டிதான் அடி விழும்” என்றாள். “நான் நினைச்சேன், என் கைபட்ட குடுவை இவங்களுக்குப் பிடிக்கலைன்னு. அதான் ரூமுக்குள்ளயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.”

“ரூமுக்குள்ளயா? அப்ப நான் யாருக்காக இந்தச் சமையலறையை ஒழிச்சு விட்டேன்?”

மூன்று மாதமாக எரியாத விளக்கின் கீழ் ஆளில்லாமல் கிடந்த மேசையை நால்வரும் பார்த்தார்கள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். “தாள் கேட்டீங்க, எழுதறேன். ஒரு தட்டு குளியலறையில. ஒண்ணு சமையலறைப் பால்கனிக் கதவுகிட்ட. மூணாவதா ஒண்ணு வாங்கி யாமிலா அறையில. ரெண்டு பூனைக்கு மூணு தட்டு, மூணும் வேற வேற இடம். படுக்கையில வாடை போக நொதி கலந்த திரவம். குளோரின் கூடவே கூடாது, அந்த வாடை திரும்பத் திரும்பக் கூப்பிடும். ஹீட்டர் இந்த மேசையோரமா.”

“ஹீட்டர் இங்க வந்தா நானும் இங்கதானே உட்காரணும்?”

“ஆமா.”

ஹெர்மினியா தாளை இரண்டு முறை படித்தார். முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வால்டெமார் எழுந்து போய் ஹீட்டரை உருட்டி வந்தார். பின்னாலேயே தூக்கே முணுமுணுத்தபடி வந்து சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்த கறுப்புப் பூனை சத்தமில்லாமல் இறங்கிச் சுவரோரமாக இடைகழியில் போனது. கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து மணல் கிளறும் சத்தம் கேட்டது.

“ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்க” என்றாள் யாமிலா மெதுவாக.

“எந்த ஞாயிறுன்னு சொல்லலையே” என்றார் ஹெர்மினியா.

பத்து நாள் கழித்து, வால்டெமார் தனியாக உட்கார்ந்து நேற்றைய சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஹெர்மினியா.

“டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. மொத ரெண்டு நாள்தான் நனைஞ்சுது. எட்டு நாளா காய்ஞ்சு கிடக்கு. இருங்க, லைன்லயே இருங்க, அடுப்புல என்னமோ—”

ரிசீவர் மேசைமேல் வைக்கப்படும் ஓசை.

“என்னடி இது? பீன்ஸ்ல யாராவது சர்க்கரை போடுவாங்களா?”

“கறுப்பு பீன்ஸுக்குப் போடணும். எழுபது வருஷமா தப்பா தின்னது என் குத்தமா?”

“நாக்கைப் பாரு. கொண்டா கரண்டியை… இது பாயசம்டி, சாப்பாடு இல்லை.”

“அப்ப ஏன் ரெண்டாவது கரண்டி எடுக்கறீங்க?”

“மொத கரண்டியில சரியாத் தெரியலை.”

போனில் ஆள் இருப்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. கூப்பிட்டு நினைவூட்டலாம். வால்டெமார் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மூச்சுச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி ரிசீவரின் வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டார்.