கை நுழையும் அளவுக்கு ஒரு வழி

புதிதாகப் பிரித்த பையிலிருந்து அவள் எடுத்த சாம்பல் நிறக் கட்டையின் விளிம்பில் பல் தடம் இருந்தது.

வெட்டும் வரை பை ஒட்டிய மேனிக்குத்தான் இருந்தது. வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் மடியில் கிடந்தது. கட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திப் பொருத்துகிற, மேலே எட்டுக் குமிழ் உள்ள சாதாரண பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டை. மேல்பல் இரண்டும் கீழ்ப்பல் ஒன்றும் அழுந்திய பள்ளம். பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு எலும்பும் பல்லும் புதிதல்ல. விரலால் தடவினாள். ஈரம்.

இறுகிப்போன கட்டைகளைக் கடித்துப் பிரிப்பது அவள் புருஷனின் பழக்கம். "பல்லு போச்சுன்னா என்கிட்டதான் படம் எடுக்க வரணும்" என்பாள். "வரேன். சிரிச்ச மாதிரி எடு" என்பான். அவன் போய் ஏழு மாதம் ஆகிறது.

மலையைக் குடைந்து ரயிலுக்குப் பாதை போடும் வேலையில் அவன் துளைக்கருவி ஓட்டினான். ஒரு நாள் காலை ஷிஃப்டில் கூரை இறங்கிவிட்டது. உள்ளே ஏழு பேர். முதல் நான்கு நாள் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற குடும்பத்தாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாறைக்குள் இறக்கியிருந்த இரும்புக் குழாயில் காது வைத்துக் கேட்கச் சொன்னார்கள். அவளும் கேட்டாள். டொக். டொக். ஐந்தாம் நாள் அது நின்றது. பத்தொன்பதாம் நாள், இனியும் தோண்டினால் மீட்கப் போனவர்கள் தலையிலும் மலை விழும், சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிடச் சம்மதமா என்று ஒரு தாளை நீட்டினார்கள். பேனாவை யாரும் தொடவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓர் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று அந்தக் கூட்டத்தில் சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதல் கையெழுத்து அவளுடையது. அவள் போட்டதைப் பார்த்துத்தான் மற்ற ஆறு வீட்டாரும் போட்டார்கள்.

அதன் பிறகு மத்தியானங்கள்தான் அவளைக் கொன்றன. வேலை முடிந்து இரண்டரைக்கு வீடு திரும்பினால் இருட்டும் வரை ஒரு முழு மத்தியானம் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலமாரி மேல் அவன் சேர்த்து வைத்த பதினொரு கட்டைப் பெட்டிகளை ஒரு நாள் இறக்கினாள். அதுவரை இருவரும் சேர்ந்து கட்டியதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை: ஒரு காற்றாலை, ஒரு மாட்டுக் கொட்டகை. இது வேறு. அந்தக் காலத்து ராஜா ஊர் ஒன்று முழுசாக. இருபத்துநாலு பச்சை அடித்தகடு, மலை மேல் கோட்டை, கீழே மதில், ஆறு, தண்ணீர் ஆலை, கடைத்தெரு, காடு. கட்டம் போட்ட தாளில் வரைந்து, தலைப்பில் 'நம்ம முதல் பெரிய வேலை' என்று எழுதியிருந்தான்.

பழைய கதவுப் பலகையை இரண்டு முக்காலிகளின் மேல் போட்டு, முன்னறையில் ஆரம்பித்தாள். வெளிர் சாம்பலும் அடர் சாம்பலும் கலந்து போட்டால்தான் மதில் கல் மாதிரி தெரியும் என்பதும், நீலத்துக்கு அடியில் கறுப்பு வைத்தால்தான் ஆறு ஆழமாக இருக்கும் என்பதும் பிரித்துப் பிரித்துக் கட்டியதில் கைக்கு வந்தது. மலைக்கு அவனே குறிப்பு எழுதியிருந்தான். 'முழுக்கக் கட்டை போட்டா கட்டுப்படி ஆகாது. உள்ளே வெற்று, தூண் போதும். பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு வழி விடு, பிற்பாடு விளக்கு வைக்க.' வெளியே தெரியப் போகிறதா என்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மிஞ்சியதையெல்லாம் போட்டுத் தூண் எழுப்பினாள். சுற்றிப் பாறை வைத்து மேலே மூடினாள். மூடிய மறுநாள்தான் அந்தப் பல் தடம்.

அதிலிருந்து அடர் சாம்பல் கட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. பிரித்து வைத்த டப்பாவில் கைவிட்டால் நேற்று நிறைந்திருந்த இடத்தில் இன்று டப்பாவின் அடி தட்டுப்பட்டது. சமையலறையில் பாத்திரம் கழுவும்போது முன்னறையில் ஒரு கட்டை இன்னொன்றின் மேல் அழுந்தும் சத்தம், அளவாக, அவசரமே இல்லாமல், குழாயை மூடினால் அதுவும் நின்று, திறந்தால் அதுவும் தொடர்ந்து கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். வந்தால் வாய் ஓயாது.

"என்ன அண்ணி, ஊரே கட்டிட்ட, ஒரு ஜனத்தைக் காணோம்? ராஜா வரார்னதும் எல்லாரும் ஓடிப்போயிட்டாங்களா?"

"பொம்மை ஆளுங்க பெட்டியைக் கடைசியிலதான் பிரிக்கணுமாம். உங்கண்ணன் எழுதி வெச்சிருக்கார்."

"தின்ன தட்டைக் கழுவாது எங்கண்ணன். இதுல மட்டும் ஒழுங்கைப் பாரு!"

ஏழு மாதத்தில் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் இருக்கும்போது மலைக்குள் 'க்ளிக்' என்றது.

"எலியா?"

"எலி கட்டையை அமுக்குமா?" அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நாத்தனார் எழுந்துபோய் மலையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை மெதுவாக எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, இதைப் பிரிச்சிடு. இன்னிக்கே. நானும் கூட இருக்கேன்."

"உங்கண்ணன் ஆசைப்பட்டதும்மா."

"ஆசைப்பட்டதுதான், யாரு இல்லேன்னா? இந்த வாசனை உனக்கு வரலையா? அன்னிக்கு அந்த வாய்கிட்ட நின்னோமே, அதே வாசனை."

வந்தது. ஈரச் சிமெண்டும் புகையும் வெயில் படாத கல்லும் கலந்த அந்த வாசனை பல நாளாகவே வந்துகொண்டிருந்தது. "மழைக்குச் சுவர் ஊறியிருக்கு" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற நாத்தனார் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ போட்ட கையெழுத்துக்கு யாரும் உன்னைக் குத்தம் சொல்லலை அண்ணி."

யாரும் சொல்லாததுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் போனில் டார்ச்சைப் போட்டு மலையின் பின்வழியில் பார்த்தாள். தூண்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. எதன் மேல் நிற்கிறது இந்த மலை? வெளிச்சத்தைச் சாய்த்தாள். தூணில் இருந்த சிவப்பும் மஞ்சளும் பச்சையும் இப்போது படிகளாக இருந்தன. ஒரு விரல் அகலப் படிகள். இறங்கின. இறங்கிக்கொண்டே போயின. வெளிச்சம் எட்டிய மட்டும் படி, அதற்குப் பிறகு இருட்டு, அந்த இருட்டிலிருந்து முகத்தில் பட்ட குளிர்ந்த காற்று. சட்டென்று குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தாள். முக்காலியின் கால்கள். தரை. அவளுடைய வீட்டுச் செருப்பு. வேறு எதுவும் இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் அந்த நிமிஷமே தெருவுக்கு ஓடியிருப்பாள். அவளும் வாசல் வரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது உள்ளே தட்டும் சத்தம். டொக். டொக். இரும்புக் குழாயில் கேட்ட அதே இடைவெளி.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து பின்வழியின் வாயில் கட்டைகளை வைக்கத் தொடங்கினாள். வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் இருக்காது. தட்டுவதற்கு ஒரு பாஷையும் ஏற்பட்டது. ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"பசிக்குதா?" இரண்டு.

"வலிக்குதா?" இரண்டு.

"இருட்டா இருக்கா?" ஒன்று.

"என் மேல கோபமா?"

சுவர்க் கடிகாரம் ஓடியது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பதில் வரவே இல்லை.

இருட்டு என்று சொன்னானே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பாட்டரியில் எரியும் சின்ன விளக்குச் சரம் ஒன்றை வாங்கி வந்தாள். சனிக்கிழமை, மூன்று மணி, மழை விட்டு ஜன்னலில் நல்ல வெயில். வளையலைக் கழற்றி வைத்தாள். விளக்கை எரியவிட்டு, கைக்குள் பொத்தி, பின்வழிக்குள் நுழைத்தாள். மணிக்கட்டு. முழங்கை. மலையின் அகலம் ஒரு முழம்கூடக் கிடையாது. கை அந்தப் பக்கச் சுவரில் முட்டியிருக்க வேண்டும். முட்டவில்லை. படிகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. கன்னம் கோட்டைச் சுவரில் அழுந்த, தோள் வரை போனது.

ஒரு கை அவள் கையைத் தொட்டது.

பெரிய கை. மனுஷக் கை. காய்ப்புப் பிடித்த விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தன. விளக்கை வாங்கவில்லை. அது அவள் பிடியிலிருந்து நழுவி, படிகளில் தட்டித் தட்டி, வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது.

"நீங்கதானே?" என்றாள்.

டொக்.

அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். "நான் வேணும்னு போடலைங்க. நீங்க இல்லேன்னு நெனச்சுதான் போட்டேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தாங்க, அதான் போட்டேன்." அந்தக் கை அவள் புறங்கையை ஆறுதலாகத் தடவியது.

"நீங்கதானே? இன்னொரு தடவை சொல்லுங்க."

டொக். இந்தத் தடவை மலைக்குள்ளிருந்து அல்ல. ஆற்றுக்கு அடியிலிருந்து.

டொக். ஆலைக்குக் கீழே.

டொக். கடைத்தெரு.

மதில். காடு. மதிலின் மறுகோடி. கடைசியாக அவள் கன்னத்துக்கு நேர் கீழே, மிக அருகில்.

ஏழு. எல்லாம் ஒற்றைத் தட்டு. எல்லாம் ஆமாம்.

கையை இழுத்தாள். வரவில்லை. யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அந்தக் கை எப்போதோ விட்டிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஏதோ இறுகியிருந்தது. வழவழப்பாக. மூலை மூலையாக.

க்ளிக்.

முழங்கை.

க்ளிக். க்ளிக்.

தோலுக்கும் கட்டைக்கும் நடுவே நூல் நுழைய இடமில்லை. வலியும் இல்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். யாரைக் கூப்பிடுவது?

தலையை மட்டும் திருப்ப முடிந்தது. பின்வழியின் வாயில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஓர் அடர் சாம்பல் கட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்த விரலின் நகத்துக்குள் சிமெண்ட் காய்ந்திருந்தது. அது கட்டையை அவள் தோளுக்குக் கீழே பொருத்தி, சத்தம் வரும் வரை அமுக்கி, விளிம்பு சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அடுத்த கட்டையைக் கொண்டுவந்தது வேறொரு விரல்.