நீங்களே பாத்து செய்யுங்க

காலை ஏழரைக்கு முதல் நோயாளி. அறுவை ரோபோவான அறுவன் தன் நான்கு கைகளையும் கிருமிநீக்கித் தயாராக நின்றது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. பதவியின் பெயர் இசைவாளர். நோயாளி சம்மதம் சொன்னாரா என்று குறித்துக்கொள்ள, முப்பது வருடம் சிறுநீரியல் அறுவை செய்த ஒருத்தி தேவையாம்!

இந்த ரோபோக்கள் புதிதாக வந்த காலத்தில் என் விரல் அசைந்தால்தான் அவற்றின் கை அசையும். புரோஸ்டேட் அறுவையில்தான் முதலில் பேர் வாங்கின. "மிஷின் பண்ணுமா, நீங்க பண்ணுவீங்களா?" என்று கேட்காத நோயாளி இல்லை. "நான்தாங்க" என்ற பிறகுதான் படுப்பார்கள். பிறகு இயந்திரம் தானே கற்றுக்கொண்டது. கூடவே தன்முடிவுச் சட்டமும் வந்தது. உடம்பு யாருடையதோ முடிவும் அவருடையதே. மருத்துவர் யோசனை சொன்னால் உரிமம் போய்விடும். அதனால் இப்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க ஊசி போடுகிறோம். நோயாளி விழித்திருந்து பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய முதல் நோயாளி, தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி நடத்தும் பிலவேந்திரன். புரோஸ்டேட் புற்றுநோய். அறுவை தொடங்கிய அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டார்.

"இடப்பக்க நரம்பை ஒட்டிப் புற்று தெரிகிறது," என்றது அறுவன். "நரம்பை விட்டால் புற்று மிஞ்சலாம். எடுத்தால் தாம்பத்தியம் பாதிக்கப்படலாம். உங்கள் முடிவு?"

"நீங்களே பாத்து செய்யுங்க."

"பதில் ஏற்கப்படவில்லை. நான்கு நிமிடத்தில் முடிவு வராவிட்டால் புற்றை அகற்றாமல் தையல் போடப்படும்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நம் ஊரில் எந்த நோயாளி வேறு பதில் சொல்லியிருக்கிறார்? சட்டம் எழுதியவர்களில் ஒருவர்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததில்லையா? அவர் சொன்ன அந்த "நீங்க" என்ற ஆளையே சட்டம் ஒழித்துவிட்டது.

"எடுக்கணுமா, விடணுமா? ஒரே வார்த்தை சொல்லுங்க ஐயா."

"எனக்கு என்ன தெரியும் டாக்டரம்மா? படிச்சவங்க நீங்க. நல்லதா பாத்து..."

"பதில் ஏற்கப்படவில்லை. இரண்டு நிமிடம்."

"இதுகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்!"

"நான் சொல்லக்கூடாதுங்க. உங்க வாயாலதான் வரணும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டுக்காரரா இருந்தா என்ன செய்வீங்க?"

கத்தி பிடிக்கும் வேலை என்றோ போய்விட்டது. டாக்டர் என்ற பெயர் ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது. திரையில் நாற்பது வினாடி. எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எடுக்கச் சொல்லுவேன். உசுருதான் முக்கியம்."

"அப்போ எடுங்க."

அறுவனின் கை நகர்ந்தது. திரையில் இன்னொரு வரி ஓடியது: இசைவாளர் ஆலோசனை கூறினார், மருத்துவ உரிமம் ரத்து.

பிலவேந்திரன் நீளமாக மூச்சு விட்டார். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பிக் கோபித்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா டாக்டரம்மா? மனுசன இந்தப் பாடு படுத்திட்டீங்களே!"