பெருக்கல் குறி போட்ட பக்கம்

புதுத் தகட்டின் மேல் யாரோ பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

வயர்மேன் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். முந்தின நாள் சாயங்காலம் அவனே இரும்பை வெட்டி, அரம் போட்டு, ரம்ப மேசையில் முடுக்கிவிட்டுப் போன தகடு. பட்டறைச் சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. ஜன்னல் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. மரத்தூள் படிந்த தரையில் அவனுடைய செருப்புத் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை.

அந்தக் குறிக்கு இந்தப் பட்டறையில் ஒரே அர்த்தம்தான். தங்கை புருஷன், அதாவது அவனுடைய மாப்பிள்ளை, கை சுத்தமான தச்சன். மூலைமட்டம் வைத்து மயிரிழை போல ஒரு கோடு இழுப்பான். எந்தப் பக்கம் வேண்டாமோ அந்தப் பக்கம் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. குறி போட்ட பக்கம் கழிவு, அறுத்துத் தள்ள வேண்டியது. அந்த மாப்பிள்ளை செத்து மூன்று மாதம் ஆகிறது.

ரம்ப மேசையில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். அறுபட்ட பலகை மறுபடி சேர்ந்து பிளேடைக் கவ்வாமல் பிரித்து வைப்பது அதுதான். அது இல்லையென்றால் பிளேடு பலகையைத் தூக்கி எதிரே நிற்கிற ஆளின் வயிற்றிலேயே எறியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் மீட்டர் மாட்டும் பலகைக்கு அந்த மேசையில் பள்ளம் எடுக்க வந்த வயர்மேன், இடைஞ்சலாக இருக்கிறதென்று தகட்டைக் கழற்றித் தன் பையில் போட்டான். திரும்ப மாட்ட மறந்தான். மேலே இருந்த தகர மூடி மறைத்துவிட்டது. மறுநாள் காலை மாப்பிள்ளை பலகையைத் தள்ளினான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

தகட்டைக் கழற்றியது யார் என்று ஊரே கேட்டது. வேலை வேகமாக ஓட வேண்டுமென்று மாப்பிள்ளையேதான் கழற்றினார் என்றான் வயர்மேன், வாய் கூசாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. செத்தவனா எழுந்து வந்து சாட்சி சொல்லப் போகிறான்? தங்கை நம்பினாள். எங்களைவிட வேலை பெரிதாகப் போய்விட்டதா என்று புருஷன் படத்தைப் பார்த்து அவள் பல்லைக் கடித்ததை இவன் வாசலில் நின்று கேட்டிருக்கிறான். கேட்டும் வாயைத் திறக்கவில்லை, பாவி.

அவர் பார்த்துவந்த முக்காலி வேலையை இனி நானே பார்க்கிறேன், மேசையை மட்டும் ஆபத்தில்லாமல் பண்ணிக் கொடு என்று அவள் கேட்டபோது உடனே தலையாட்டினான். அன்றிலிருந்து கோடுகள். மூடி செய்ய வாங்கி வைத்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டில் மறுநாள் கோடு இருந்தது. அளந்தால் அளவு கச்சிதம். விரலுக்குப் பதிலாகப் பலகையைத் தள்ளும் கட்டைக்குக் கோடு. முழங்காலால் இடித்தாலே மோட்டார் நிற்கும்படி சிவப்புப் பொத்தான் வைக்க வேண்டிய இடத்தில் வட்டம். நான்தான் போட்டு மறந்திருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் சுவரில் ஆணியால் கீறியே பழகியவனுக்கு இத்தனை சன்னமான கோடு எங்கிருந்து வரும்?

எல்லாம் சரியாக அமைந்தது, தகடு மட்டும் அமையவில்லை. முதல் தகட்டில் குறி. இரண்டாவதில் குறி. இது மூன்றாவது, பென்சில் முனை ஒடிந்து இரும்பில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அழுத்திப் போட்ட குறி. பழைய தகடு இன்னும் இவன் பையின் அடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கிடந்தது. எறியவும் பயம், எடுத்து மாட்டவும் பயம். மாட்டினால் அது எங்கே இருந்தது என்று தங்கை கேட்பாளே.

பிளக்கைப் பிடுங்கினான். மூன்றாவது தகட்டையும் கழற்றிக் கீழே வைத்தான். ஈர மரத்தின் வாடைக்கு நடுவே இன்னொரு வாடை, அப்போதுதான் சீவிய பென்சிலின் வாடை. முதுகுக்குப் பின்னால், அலமாரிப் பக்கம், மாப்பிள்ளை உளியால் பென்சில் சீவுகிற அதே நிதானத்தில் ஒரு சத்தம் கேட்டது. சரக். சரக். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

கதவருகே தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தத் தகட்டை அவரேதான் கழட்டினாரா?"

முதல் தகடு மாட்டிய அன்றும் கேட்டாள். இரண்டாவது மாட்டிய அன்றும் கேட்டாள். சீவுகிற சத்தம் நின்றுவிட்டது.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"எத்தனை தடவைம்மா சொல்றது? அவரேதான்."

அவள் அழவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"மூணு தடவை கேட்டுப் பாருன்னு சொன்னாரு. கேட்டுட்டேன்."

"யாரு சொன்னா?"

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பிளேடு அசைந்தது. பிளக் அவன் காலடியில் கிடந்தது. கரண்டே இல்லாத மோட்டார், முதலில் தூக்கத்தில் முனகுவது போல, பிறகு முழுக் குரலில். முழங்காலால் பொத்தானை இடித்தான். மறுபடி இடித்தான். நிற்கவில்லை. பை வாய் திறந்து கிடந்தது. உரித்த டேப் தரையில் சுருண்டிருந்தது. பழைய தகடு பிளேடுக்குப் பின்னால், அதன் இடத்தில், நிமிர்ந்து நின்றது.

இனி அந்த மேசை தங்கையை ஒன்றும் செய்யாது.

இடது மணிக்கட்டில் சில்லென்று இரும்பு பட்டது. மூலைமட்டத்தின் விளிம்பு. கையை இழுத்தான். வரவில்லை. தோலின் மேல் பென்சில் ஓடியது. மயிரிழைக் கோடு. துளி கோணல் இல்லை.

கை போகப் போகிறது. கைதானே, போகட்டும், உயிர் மிஞ்சினால் போதும். அப்படித்தான் நினைத்தான், விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்க்கும் வரை.

விரல்கள் இருந்த பக்கம் சுத்தமாக இருந்தது.

பெருக்கல் குறி கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. முழங்கை, தோள், தலை என்று அவன் இருக்கிற பக்கம்.