திரை ஒன்றும் சொல்லவில்லை

அன்று மழை பெய்ததா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. என் நினைவில் மழை இருக்கிறது... ஜன்னல் கம்பிகளில் வழிந்துகொண்டே இருந்த மழை. ஆண்டாளைக் கேட்டால் வெறும் தூறல்தான் என்கிறாள். அவனைக் கேட்டால், "மழையப் பாக்க எனக்கு ஏது நேரம்?" என்று சிரிக்கிறான். மின்சாரம் போனது மட்டும் மூவருக்கும் நினைவிருக்கிறது.

திருவாண்டார்கோயிலில் ஒரு தொழிற்சாலை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை, ஒரே ஒரு இடம். செலியமேட்டிலிருந்து நானும் ஆண்டாளும் ஒன்றாகத்தான் தேர்வுக்குப் போனோம். நான் சும்மா எழுதிப் பார்க்கப் போனவள். அவள் அப்படி இல்லை. அவளுடைய அப்பா வைத்தியலிங்கம் கரும்பு போடுகிறவர். பேச்சு மாறாதவர். "இந்த வேலை கெடச்சா உன் இஷ்டம். கெடைக்கலனா தையில கடலூர் மாப்ளைக்குக் கழுத்த நீட்டணும்" என்று சொல்லிவிட்டார். ஆண்டாளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

மின்சாரம் திரும்பி வந்தபோது பாதி கம்ப்யூட்டர்கள் எழவே இல்லை. மேற்பார்வைக்கு இருந்த சார்லஸ் சார், "ரெண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். ஒருத்தர் முடிச்ச பிறகு இன்னொருத்தர்" என்றார்.

ஆண்டாள் நாற்காலியை இழுத்தாள். அதே நாற்காலியின் இன்னொரு பக்கத்தை ஒரு கை பிடித்திருந்தது.

நிமிர்ந்தாள். நீலச் சட்டை. மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி. தூக்கம் கலையாதவை போன்ற கண்கள்... ஆனால் அவளை முழுதாகப் பார்த்த கண்கள். 'இப்படியா பார்ப்பது?' என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபம்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தாளாம்.

அவன் அவளுடைய நுழைவுச் சீட்டை எட்டிப் பார்த்தான். "ஆண்டாளா? கிளி எங்கங்க?"

"கிளி வூட்ல இருக்கு. இங்க ஒரு காக்கா முந்திக்கிட்டு ஒக்காரப் பாக்குது."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். பெயர் தமிழ்க்குமரன். பாகூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் கமலக்கண்ணனின் மகன். கடையில் உட்கார மாட்டேன், சொந்தமாக ஒரு வேலை பிடித்துக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சவால் விட்டு வந்தவன்.

அந்தக் கம்ப்யூட்டரில் மவுஸ் இல்லை. படங்கள் இல்லை. கறுப்புத் திரையும் துடிக்கும் ஒரு சின்னக் கோடும் மட்டும். எதை வேண்டுமானாலும் கட்டளையாகத் தட்டச்சு செய்துதான் கேட்க வேண்டும். தேர்வும் அதுதான்: உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள், அதற்குள் போய் 'ஷிஃப்ட்' என்று ஒரு ஃபைல் உருவாக்குங்கள், கொடுத்திருக்கும் வரிகளை அதில் எழுதுங்கள்.

அவன் முதல் கட்டளையைத் தட்டினான். திரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த வரியில் கோடு மட்டும் துடித்தது. அவன் பயந்துபோய்த் திரும்பினான். ஜன்னல் ஓரம் நின்றிருந்த ஆண்டாளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் போட்டியே மறந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்லலனா நடந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றாள் மெதுவாக. "தப்பா இருந்தாதான் அது வாயத் தொறக்கும்."

"அங்க இன்னா பேச்சு?" என்றார் சார்லஸ் சார்.

அவன் முடித்துவிட்டு வெளியே போனான். போகும்போது, "காக்கா பறந்துடுச்சு, வாங்க" என்றான்.

ஆண்டாள் தன் பெயரில் ஃபோல்டர் உருவாக்கினாள். வரிகளை எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு 'ஷிஃப்ட்' ஃபைலுக்குள் அனுப்பினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் நிம்மதி. பிறகு சரிபார்க்க, என்னென்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னாள்.

அவளுடைய ஃபோல்டர் காலியாக இருந்தது. ஃபோல்டரை உருவாக்கியவள் அதற்குள் போக மறந்துவிட்டாள். 'ஷிஃப்ட்' வெளியே கிடந்தது, அவளுடைய வரிகளோடு. அப்படியென்றால்... அவனுடையது எங்கே?

அவனும் தன் ஃபோல்டரை உருவாக்கிவிட்டு அதற்குள் போகவில்லை. அவனுடைய ஃபைலும் அதே இடத்தில், அதே பெயரில் இருந்திருக்கிறது. இரண்டு அம்புக்குறி போட்டிருந்தால் பழைய வரிகளின் கீழே புதியவை சேர்ந்திருக்கும். ஒன்று போட்டால் பழையது முழுக்கப் போய்விடும். கேட்காது... எச்சரிக்காது. அவனுடைய உழைப்பு அந்த மௌனத்தில் அழிந்துபோயிருந்தது.

ஃபைலைத் தன் ஃபோல்டருக்குள் நகர்த்திவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. அவளுக்குக் கடலூர் மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. பின் வரிசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைத் தூக்கினாள்.

"சார், அவரக் கூப்புடுங்க. அவரு ஃபைல நான் அழிச்சிட்டேன்."

"அதுக்கு இன்னாம்மா பண்றது? அவரு நேரம் முடிஞ்சிபோச்சி."

"என் நேரத்துல எழுதட்டும் சார்."

"உனக்குத்தான் கொறையும்."

"கொறையட்டும்."

அவன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அந்தக் கண்களில் சிரிப்பு அணைந்தது. "எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்."

"பாவம் பாக்கலிங்க. அழிச்சது நானு. ஒக்காருங்க."

உட்கார்ந்தான். அவசரத்தில் பாதி வரிகளை விட்டுவிட்டான். மிச்ச நேரத்தில் அவள் தன்னுடையதை முடிந்தவரை சரிசெய்தாள்.

வேலை ஆண்டாளுக்குக் கிடைத்தது.

தை வந்தது. வைத்தியலிங்கம் சொன்ன பேச்சு மாறாமல் கடலூருக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆண்டாள் ஏனோ சந்தோஷமாக இல்லை. அப்பாவோடு பாகூருக்கு உரம் வாங்கப் போனாள். அவர் ஆச்சரியப்பட்டார். சவாலில் தோற்றுக் கடைக்கே திரும்பியிருந்த தமிழ்க்குமரன் அவளைக் கண்டதும் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டான். அடுத்த வாரம் தனியாகப் போனாள். அவனுடைய அப்பாவே எடை போட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த வாரமும் போனாள். கரும்புக்குத் தேவையே இல்லாத உரமெல்லாம் அவர்கள் வீட்டில் சேர்ந்தது.

"வுட்டுடேன்டி" என்றேன்.

"மாட்டேன்" என்றாள்.

ஒரு மாலை நல்ல மழை. இந்த மழையில் எனக்குச் சந்தேகமே இல்லை, நானும் அவளோடு நனைந்தேன். கடை வாசலில் அவன் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஓட வழியில்லை.

"இன்னா உரம் வேணும்?" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"உரம் வேணாம். ஏன் ஓடி ஓடிப் போறீங்க?"

"உங்க நேரத்த வாங்கியும் தோத்தவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பேசுறது?"

"இந்த மூஞ்சியே போதும். எனக்குப் புடிச்சிருக்கு. எங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். உங்களுக்கு?"

மழை மட்டும் பேசியது. அவன் தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். அவள் கண்ணிமைகளில் நீர் சொட்டியது. பிறகு அவன் உதட்டோரம் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"ஒண்ணும் சொல்லலனா நடந்துடுச்சுன்னு அர்த்தம். நீங்கதான சொன்னீங்க?"

ஆண்டாள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கும் அது ஒண்ணும் சொல்லல. உங்க ஃபைலு மொத்தமா போயிடுச்சு. எனக்கு அந்த மாதிரி மௌனம் வேணாம். வாயத் தொறந்து சொல்லுங்க."

அவன் கயிற்றை விட்டான். தார்ப்பாய் சரிந்து அதிலிருந்த தண்ணீரெல்லாம் அவன் தலையில் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"புடிச்சிருக்கு, ஆண்டாள். கையத் தூக்குனீங்கன்னு சார்லஸ் சார் சொன்னாரு... அப்பவே புடிச்சிடுச்சு. அத ஒத்துக்கத்தான் இவ்ளோ நாளாச்சு."

உள்ளேயிருந்து கமலக்கண்ணன் குரல் கேட்டது. "சொல்லிட்டியாடா? அப்ப அந்த யூரியாவ உள்ள இழு. நனையுது."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆண்டாள் அதே தொழிற்சாலையில் இருக்கிறாள். தமிழ்க்குமரன் அடுத்த தேர்வில் தேறி வில்லியனூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறான். கமலக்கண்ணன் கடைக்கு ஆள் வைத்திருக்கிறார். வைத்தியலிங்கத்துக்கு சம்பந்தி கடையிலும் உரம் கடனாகக் கிடைப்பதில்லை. கடலூர் மாப்பிள்ளைக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஒதியம்பட்டில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன்.