ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்

கடவுச்சொல்லைத் தட்டி என்டரை அழுத்தியதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் பதில் வந்தது. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.

“சரிதான் போ” என்று அவள் வாய்விட்டே சொன்னாள். மெயின்ஃப்ரேம் என்கிற அந்தப் பெரிய கணினிக்கு இப்படி ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பெயரில் ஒருவர்தான் உள்ளே வரலாம். இன்னொருவர் வந்து நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். வெள்ளிக்கிழமை அவசரத்தில் வெளியேறாமல் கிளம்பியிருப்போம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் வெளியேறியது நன்றாகவே நினைவிருந்தது. பக்கத்து சீட்காரி, “இன்னுமா முடியல?” என்று பையை மாட்டிக்கொண்டு நின்றதுகூட நினைவிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். காலையில் வந்ததிலிருந்து ஏற்றவேண்டியவற்றின் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு இப்போதுதான் உள்ளே நுழையப் பார்க்கிறாள். காப்பீட்டு நிறுவனத்தின் மொத்தக் கணக்கும் அந்த ஒரே இயந்திரத்தில்தான் ஓடுகிறது என்பதால், யாரும் தொடாத இந்த நேரத்தில்தான் புதிய புரோகிராம்களை ஏற்றவேண்டும். ஏற்றுகிறவள் அவள். அந்த வேலைக்கு டிப்ளாய் என்று பெயர், ஆபீஸில் அவளுக்கும் டிப்ளாய் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஏசி மூச்சு வாங்குவதும் நிற்பதுமாக இருந்தது. ஈரக் கார்ப்பெட்டின் புழுங்கல் வாடையோடு யாரோ குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போன வாழைப்பழத் தோலின் வாடையும் சேர்ந்து தொண்டை வரைக்கும் வந்தது. மூலையில் இருந்த பிரிண்டர், யாரும் எதுவும் கேட்காமலேயே, உருளையைச் சுற்றிவிட்டு ஓய்ந்தது. இரண்டு நாளாகத் தொண்டை வேறு கட்டியிருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மகள் குட்டியைப் பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

முன்வாசல் திறக்காவிட்டால் பக்கவாசல். லேப்டாப்பில் இருந்தபடியே கட்டளைகளைத் தட்டி மெயின்ஃப்ரேமோடு பேச ஒரு கருவி உண்டு. ‘ஏற்கெனவே உள்ளே யார்?’ என்ற கேள்வி அந்த வழியில் எழாது. என் பெயரில் ஓடிய வேலைகளைக் காட்டு என்று தட்டினாள்.

திரை நிறைய வந்து விழுந்தது. எல்லாம் இன்றைய வேலைகள். பழைய புரோகிராமுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தாகிவிட்டது. புதியதை இயந்திரத்தின் புரோகிராம் நூலகத்தில் ஏற்றியாகிவிட்டது. அவள் இனிமேல் செய்யவிருந்த அத்தனையும், அவள் செய்யவிருந்த அதே வரிசையில்.

கடவுச்சொல்லை எவனோ திருடிவிட்டான். முதலில் அப்படித்தான் நினைத்தாள். பிறகு இன்னும் கீழே படித்தாள். படித்தபின் திருடனாகவே இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

புதிய புரோகிராமை ஏற்றினால் மட்டும் போதாது. பழையது நினைவகத்தில் உட்கார்ந்து ஓடிக்கொண்டேயிருக்கும். புதியதை எடுத்துக்கொள் என்று தனியாக ஒரு கட்டளை சொன்னால்தான் மாறும். அதை அவள் ஒவ்வொரு முறையும் மறப்பாள். மறந்துவிட்டு, சோதித்துப் பார்த்து, பழைய பதிலே வருகிறதே என்று மறுபடி ஏற்றி, அப்புறம்தான் தலையில் அடித்துக்கொள்வாள். திரையில் அதுவும் இருந்தது. ஏற்றியது. சோதித்தது. பழைய பதில். மறுபடி ஏற்றியது. திருடன் கடவுச்சொல்லை எடுப்பான், மறதியை எடுப்பானா?

இயந்திரம் இருக்கும் கட்டடம் ஊரின் இன்னொரு கோடியில். அங்கே திரை முன்னால் உட்கார்ந்து அதைக் கண்காணிக்கும் கன்சோல் அண்ணனை ஆபீஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணே, என் பேர்ல யாரோ உள்ள இருக்காங்க.”

“யாரோவா? நீங்கதாம்மா. காலையிலயே போன் பண்ணி ஆரம்பிக்கிறேன்னு சொன்னீங்களே. பாப்பா பக்கத்துல பாடிக்கிட்டு இருந்துச்சு.”

“நான் பேசவே இல்லண்ணே.”

அவர் சிரித்தார். “லீவு நாள்ல வேலை பாத்தா மண்டை காய்ஞ்சிடும்மா. தொண்டையைக் கவனிங்க முதல்ல, காலையில பேசும்போதே கரகரன்னு இருந்துச்சு.”

“எங்கேருந்து வந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

தட்டும் சத்தம் கேட்டது. “உங்க வீட்டு லைன்தான்.”

அந்த இணைப்பை வைத்துவிட்டுக் கைபேசியில் கணவனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும் குசுகுசுவென்று பேசினான்.

“என்ன விளையாட்டு இது? உள்ள ரூம்ல உக்காந்துக்கிட்டு ஹாலுக்கு போன் பண்ற?”

“நான் ஆபீஸ்ல இருக்கேங்க.”

“மெதுவாப் பேசு. குட்டி உன் மடியிலதானே தூங்குறா, முழிச்சிக்கப் போறா.”

“நான் காலையிலேயே கிளம்பிட்டேன். நீங்கதானே குடை எடுத்துக் குடுத்தீங்க?”

“குடுத்தேன். மழை வரும்போல இருக்கு, வீட்லேருந்தே பாத்துக்கறேன்னு பாதியிலேயே திரும்பி வந்துட்டியே. என்னாச்சு உனக்கு?”

“ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க. உள்ள போய் குட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துடுங்க. கேள்வி கேக்காதீங்க. போன வைக்காதீங்க.”

அவன் நடந்தான். செருப்புச் சத்தம். கதவு. அந்தக் கீல் எப்போதும் இழுக்கும் முனகல். உள்ளே யாரோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஸ்பேஸ் வரும்போதெல்லாம் கட்டைவிரலால் ஓங்கி. அவள் தட்டுவதும் அப்படித்தான். தட்டுவது நின்றது.

“யாருங்க போன்ல?” என்று கேட்டது அவளுடைய குரல். அதே கரகரப்போடு.

அவள் முன்னால் இருந்த திரையில் ஒரு வரி புதிதாக ஏறியது. அவள் தட்டவில்லை. இந்த முறை மறக்காமல் அந்தக் கட்டளை வந்திருந்தது. அதிலும் மென்மையான வகை. வேலையில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்னும்போது அவளே தேர்ந்தெடுக்கும் வகை. இனி வரும் அழைப்பெல்லாம் புதிய பிரதிக்கு. பழையது கையில் இருக்கும் வேலையை மட்டும் முடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் நினைவகத்திலிருந்து நீக்கப்படும்.

புரோகிராமின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது.

பையை எடுக்கவில்லை. ஓடினாள், கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு. கண்ணாடிக் கதவில் அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு வரவில்லை. சிவப்பும் வரவில்லை. அட்டையைத் திருப்பிக் காட்டினாள், துடைத்துக் காட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காவலர் வந்தார். காலையில் வணக்கம் வைத்தவர். அவள் கையால் அடித்தாள். கத்தினாள். அவர் கண்ணாடிக்கு அருகே வந்து, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து நிதானமாகத் தலை சீவிக்கொண்டார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

யாரைக் கூப்பிடுவது? கன்சோல் அண்ணனையா? அதற்கு இந்த அழைப்பை வைக்கவேண்டும். வைத்தால்?

கையில் இருக்கும் வேலை இந்த அழைப்பு ஒன்றுதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கார்ப்பெட்டின் ஈரம் முழங்காலில் படவில்லை. வாழைப்பழ வாடையும் இல்லை. ஏசி ஓடுகிறதா, நின்றுவிட்டதா, தெரியவில்லை. காதில் மட்டும் வீடு கேட்டது. கணவன் சிரிக்கிறான். “உன்ன மாதிரியே பேசுறாம்மா யாரோ. நம்பர்கூட உன்னுதுதான் காட்டுது. ஏதோ மோசடிக் கும்பல்.” பிறகு போர்வையின் சரசரப்பு. ஒரு கொட்டாவி.

“ஹலோ. யாரு?”

குட்டி. போனை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்செல்லாம் கேட்க. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“குட்டி, அம்மாடா. அம்மா பேசுறேன்.”

“அம்மா இங்க இருக்காங்களே.”

“அது... நீ அப்பாகிட்டப் போ தங்கம். ஓடு. போன மட்டும் வைக்காத. என்ன ஆனாலும் வைக்காத, சரியா?”

“சரி.”

“என்கூடப் பேசிக்கிட்டே இரு. பாட்டுப் பாடு. ஏதாவது பாடு.”

குட்டி யோசித்தது. அதற்குள், பின்னாலிருந்து, அன்பாக, அவசரமே இல்லாமல், சட்டைக்குப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுக்கும்போது அவளுக்கு வரும் அதே குரல்.

“போதும்டா கண்ணு, வெச்சிடு. சிவப்பா இருக்கு பாரு. அத அமுக்கு.”

“இதுவாம்மா?” என்று குட்டி கேட்டது, அந்தப் பக்கம் திரும்பி.

சின்ன விரல் ஒன்று கண்ணாடியில் தடவித் தேடும் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது.